சூட்டிக்குக் கிடைக்காத தண்ணீர்

யோசெப்பின் என்கிற டீச்சரிடம் படிக்காத கத்தோலிக்கப் பிள்ளையைக் கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் பங்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்தவர். கல்யாணம் கட்டவில்லை. தாய் செத்த பிறகு தங்கை செலஸ்டினாவை வளர்த்துப் படிப்பித்துக் கட்டிக் கொடுத்தார். பிறகு தங்கையும் புருஷனும் குடியிருந்த ஃபிளட்டிலேயே ஒரு அறையில் இருந்துகொண்டார். நான் அவருக்குக் கீழ் மாடி, மறைக்கல்வியில் பக்கத்து வகுப்பை எடுத்தேன். நாங்கள் சண்டை பிடிக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம் அந்த மனுஷிக்கு.

ஆனால் பாவத்தைப் பற்றிய பாடத்தை அவரைப் போல நடத்த ஆளில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆதாமின் பாவம் பிறக்கும்போதே எல்லோரிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதிலிருந்து நம்மை மீட்கத்தான் யேசு சிலுவையில் செத்தார், அந்த மீட்பு ஞானஸ்நானத் தண்ணீரால் நமக்கு வந்து சேருகிறது என்பார். ஒரு பிள்ளை சாகக் கிடந்தால் பாதர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னால் போதும் என்பார். அதை ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் செய்தும் காட்டுவார்.

செலஸ்டினாவுக்கு ஏழு வருடம் கழித்துத்தான் ஆண்பிள்ளை பிறந்தது. எல்லோரும் சூட்டி என்றே கூப்பிட்டோம். மூன்றாம் கிழமையே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். யோசெப்பின் டீச்சர் விடவில்லை. மிலானில் இருந்த இவர்களுடைய அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும், அவருக்கு ஓகஸ்டில்தான் லீவு. அவருக்குப் பதிலாக வேறொருவர் நிற்கலாம் என்று பாதரே சொன்னார். முடியாது, அண்ணன் மனம் நோகும் என்று டீச்சர் ஒரே நிலையில் நின்றார். இது எங்கள் ஆட்களின் புத்தி. வெளிநாட்டுக்காரன் வந்து இறங்கும்வரை ஞானஸ்நானம் என்ற தேவதிரவிய அனுமானமே காத்திருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பால் குடித்த பிள்ளைக்கு மூச்சு முட்டியது. வகுப்புக்குப் புறப்பட்டு நின்ற டீச்சர் அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி ஓடினார். செலஸ்டினா பின்னால் ஓடினாள். த்ரீவீலர் ஆமர் வீதியில் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டது. கால் மணித்தியாலம் பிள்ளை அவர் மடியில் கிடந்து துடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது உயிர் இல்லை.

அந்தக் கால் மணித்தியாலமும் அவருடைய தோளில் வகுப்புப் பை தொங்கியது. பைக்குள் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் நினைவுக்கே வரவில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கழற்றும்போதுதான் வந்ததாம். ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பிள்ளை செத்த ஏழாம் நாள் செலஸ்டினா படுக்கையிலிருந்து கேட்டாள், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று. மோட்சத்தில், சம்மனசாகி தேவதூதரோடு இருக்கிறான் என்றார் டீச்சர். அன்றைக்குத்தான் அவள் எழும்பிச் சோறு தின்றாள்.

அதற்குப் பிறகு டீச்சர் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பாதர் நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவர். உங்களுடைய பாவம் மன்னிக்கப்பட்டது, அப்படிப்பட்ட குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது, மீட்புக் கிடைக்கும் என்று நம்ப இடமிருக்கிறது என்றார். நிச்சயமாகத் தெரியுமா என்று இவர் கேட்டதற்கு, நம்புகிறோம் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“பிழை விட்ட எனக்கு மன்னிப்பு. ஒரு பிழையும் விடாதவனுக்கு வெறும் நம்பிக்கை. இது என்ன நியாயம், சொல்லுங்க?”

அடுத்த ஞாயிறு வகுப்பை என்னிடம் தந்துவிட்டார். அந்தப் பாடத்தை இனித் தன்னால் நடத்த ஏலாதாம். பூசைக்கு மட்டும் வருவார், கடைசி வரிசை வாங்கில் இருப்பார், நற்கருணை நன்மை வாங்க எழும்பமாட்டார். தங்கைக்கு முன்னால் மட்டும் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

இரண்டு வருடத்தில் செலஸ்டினாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, சத்திரசிகிச்சை, தாயும் பிள்ளையும் சுகம். மூன்றாம் நாள் மத்தியானம் சூப் கொண்டு போனேன். செலஸ்டினா தூக்கம். டீச்சர் பிள்ளையோடு ஜன்னலடியில் நின்றார். என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த கிளாசை எடுத்துப் பிள்ளையின் தலையில் மூன்று முறை ஊற்றி, வாய்க்குள் அந்த வார்த்தைகளைச் சொன்னார். சுகமாக இருக்கிற பிள்ளைக்குப் பாதர் இல்லாமல் நாங்கள் அப்படிச் செய்யக் கூடாது. அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை.

பிள்ளை வீரிட்டது. செலஸ்டினா கண் விழித்தாள். அவளும் டீச்சரிடம் படித்தவள்தானே, கிளாசையும் நனைந்த தலையையும் கண்டதும் விளங்கிவிட்டது.

“சூட்டி மோட்சத்தில எண்டு சொன்னீங்களே, அக்கா?”

டீச்சர் கிளாசை மேசையில் வைத்தார்.

“ரெண்டு வருசமா நான் அவனிட்டத்தானே மன்றாடினனான். இந்தப் பிள்ளையையும் அவனிட்டத்தானே கேட்டனான். அப்ப நான் ஆரிட்டக் கேட்டனான்?”

“தெரியாதடி,” என்றார் டீச்சர்.

செலஸ்டினா கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். துவாயை எடுத்து அதன் தலையைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.