முதல் வரியில் ஒரு 2

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில். ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் படித்தபோது, கடைசித் தேர்வன்று அந்தக் கோபம் முழுவதும் என் ஜோடியான கொரட்டூர்க்காரி மேல் திரும்பியது.

இருவரும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தோம். வாக்கியம் அமையும் விதிகளை ஒரு கோப்பில் கொடுத்தால், நாம் அடிக்கும் வாக்கியம் அவற்றுக்குள் அடங்குகிறதா என்று அது சொல்ல வேண்டும். விதிகளில் வரும் ‘வாக்கியம்’, ‘எழுவாய்’ போன்ற குறிகளில் எதிலிருந்து பிரிக்கத் தொடங்குவது என்பதற்கு நான் சுலபமாக ஒரு வழி வைத்திருந்தேன்: கோப்பின் முதல் வரியில் எது இருக்கிறதோ, அதுவே தொடக்கக் குறி. விதிகளைத் தட்டச்சு செய்தது அவள்.

மத்தியானம் தேர்வாளர் வருகிறார். தேறினால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் வேலை உண்டு. தவறினால் ஒரு வருஷம் போச்சு. காலையில் ‘பூனை பால் குடித்தது’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். தவறு என்றது. நாய், மாடு எல்லாம் குடித்துப் பார்த்தன. எல்லாமே தவறு.

“இன்னாடி இது, எத்த குட்த்தாலும் தப்புன்னுது?” என்றாள் அவள்.

எரிச்சலில் வெறும் என்டரைத் தட்டினேன். ‘சரி’ என்றது. ஒன்றுமே எழுதாததை மட்டும் ஒப்புக்கொள்ளும் புரோகிராம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் தன்னந்தனியாக ஒரு 2 இருந்தது.

“யாருடி இதைப் போட்டது?”

“நான்தான். புள்ளையார் சுழி போடாம எப்டி ஆரம்பிக்கிறது? கீபோர்டுல உ இல்ல. தமிழ் எண்ணுல ரெண்டுக்கும் உ தான, அதான் 2 போட்டேன்.”

புரோகிராம் அந்த 2-ஐத் தொடக்கக் குறியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரியில் அதற்கு அப்புறம் எதுவும் இல்லாததால், வெறுமையே சரியான வாக்கியம் ஆகிவிட்டது. அழிக்கக் கை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்த மட்டும் எடுக்காத. எடுத்து நான் ஃபெயிலானா உன்ன சும்மா உட மாட்டேன்.”

வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே இருக்கும்போதுதான் யோசனை வந்தது. 2-க்கும் ஒரு விதி எழுதிவிட்டால் என்ன? ‘2 என்பது ஒரு வாக்கியம்’ என்று அந்த வரியையே நீட்டினேன். பூனை பால் குடித்தது. சரி! இருவரும் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தோம். அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் தேர்வாளர் திரையில் விரலை வைத்தார். “இது என்னம்மா, 2?”

அவள்தான் சொன்னாள்: “புள்ளையார் சுழி சார். எடுக்க மனசு வரல, அதுலேர்ந்தே ஆரம்பிக்க வெச்சிட்டோம்.”

அவர் சிரித்துவிட்டார். “பாடப் புத்தகத்துலயும் மேல ஒரு புதுக் குறி வெச்சுத்தான் தொடங்கச் சொல்றாங்க. காரணம் மட்டும் வேற.”

பிறகு மதிப்பெண் தாளை எடுத்தார். மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டுவிட்டு, எங்கள் தேர்வு எண்களை எழுதத் தொடங்கினார்.