மன்றத்துக்கு மூன்றாவது ஆள்

மதுரையில் ஒரு ரசிகர் மன்றம் ஆரம்பிக்க இரண்டு ஆட்களும் ஒரு சுவரும் போதும். எங்கள் தெருவில் மட்டும் மூன்று நடிகர்களுக்கு மன்றம் இருந்தது. நான்காவதாக, லண்டனைச் சேர்ந்த ஒரு பங்க் ராக் குழுவுக்கு மன்றம் வைத்தவர்கள் நானும் என் சித்தப்பாவும். அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்குப் பதினொன்று. சித்தப்பா பிறப்பதற்கு முன்பே அந்தக் குழு பாடி, சண்டை போட்டு, கலைந்தும் போய்விட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மன்றத்தைக் கலைத்திருக்க மாட்டோம்.

அந்தக் குழுவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அம்மன்தான். ஆடி வெள்ளிக்கிழமை போடுவதற்கு ஒரு பக்திப் பாடல் சிடி வாங்கிவரச் சொல்லி அம்மா சித்தப்பாவை அனுப்பினாள். அவர் டவுன்ஹால் ரோட்டுப் பிளாட்பாரத்தில் வாங்கி வந்தார். அட்டையில் அம்மன், சூலம், எலுமிச்சை மாலை எல்லாம் முறையாக இருந்தன. அம்மா சூடத்தைக் கொளுத்தித் தட்டோடு நிற்க, சித்தப்பா கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டார். ஒரு ஆள் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று கத்தினான். அதற்குப் பிறகு கேட்டது தகரக் கொட்டகை சரிந்து விழுகிற சத்தம்.

“என்ன தம்பி இது, சாமி பாட்டக் கேட்டா சண்டை போடுறாய்ங்க?” என்றாள் அம்மா. சூடம் அணைகிற வரைக்கும் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறுநாள் மாற்றிவிடுகிறேன் என்று சொன்ன சித்தப்பா மாற்றப் போகவில்லை. வேறொரு கடையில் அம்மன் பாட்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இதை எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குள் நாங்கள் பதினான்கு பாட்டையும் இரண்டு தடவை கேட்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெற்றோரை இழந்த தம்பியைப் பத்து வயதிலிருந்து தன் கையில் வைத்து வளர்த்தவர். அப்பா நிமிர்ந்து பார்த்தாலே சித்தப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலின் மேல் ஏறி நின்று, கழுத்து நரம்பு புடைக்க வாயில் வந்ததைக் கத்துவார். நானும் பக்கத்தில் ஏறி நின்று கத்துவேன். ஒவ்வொரு பாட்டும் இரண்டே நிமிடம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைத் தட்டுவதற்குள் பாட்டு முடிந்து, இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகக் கீழே உட்கார்ந்திருப்போம்.

சித்தப்பா ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைவண்ணம்தான். சிடியில் இருந்த பாட்டுத் தலைப்புகளை வைத்து, கடையில் இருந்த இன்டர்நெட்டில் குழுவின் பெயரையும் படத்தையும் மட்டும் தேடிக் கண்டுபிடித்து, ஒரு நாள் எங்கள் மன்றத்துக்கும் போஸ்டர் அடித்து வந்தார். கிழிந்த சட்டையும் முள்ளு முள்ளான தலையுமாக நாலு வெள்ளைக்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்க, அவர்கள் தலைக்கு மேல் ‘மதுரை மண்ணை மிரட்ட வரும் மாவீரர்களே, வருக வருக’. கீழே முட்டை வடிவத்துக்குள் இரண்டு போட்டோ. கைகூப்பியபடி சித்தப்பா, மன்றத் தலைவர். பள்ளிச் சீருடையில் நான், மன்றச் செயலாளர். இரண்டு முட்டையும் ஒரே அளவு. எங்கள் ஊரில் ஒருவருடைய மதிப்பை ஃபிளெக்ஸில் அவர் தலை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்வார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் அதை ஒட்டிவிட்டு அன்றைக்கு நான் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் கீழே இறங்கினேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி மன்றத்தில் சேரக் கேட்டாள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். உலகத்திலேயே அந்தக் குழுவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் ரசிகர்கள் என்று உறுதியாக நம்பினேன். எனக்கு அது போதுமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கச் சோழவந்தானுக்குப் போனோம். பெண்ணின் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். பெண் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு ஊரோடு வந்து கணக்கு டீச்சராக இருந்தாள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் முடிந்ததும், “ரெண்டு பேரும் பேசிட்டு வரட்டும்” என்று பெரியவர்கள் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். தனியாக அனுப்புவது நன்றாக இருக்காது என்று துணைக்கு என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். சித்தப்பா கிணற்றடித் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“பாட்டெல்லாம் கேப்பீங்களா?”

“கேப்பேன். உங்களுக்குப் பிடிக்காது. இங்கிலீஷ்காரன் கத்துவான், அம்புட்டுதான்.”

“யாரு கத்துவா?”

சித்தப்பா குழுவின் பெயரைச் சொன்னார். மன்ற ரகசியத்தை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் அவரையே ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் வளையலை முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உள்ளங்கையால் தட்டி, ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்றாள். பட்டுச்சேலையோடு, அடிக்குரலில், வீட்டுக்குள் கேட்டுவிடாதபடி முதல் பாட்டை முழுதாகப் பாடினாள். நாங்கள் வாயில் வந்ததைக் கத்திய இடங்களிலெல்லாம் அவளிடம் வார்த்தைகள் இருந்தன. ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த ஷில்லாங் பெண் சொல்லிக்கொடுத்ததாம்.

“இது எதைப் பத்துன பாட்டுன்னு தெரியுமா பாப்பா?” என்று என்னைக் கேட்டாள்.

“டான்ஸ் பாட்டு,” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலை கேட்டு வரிசைல நிக்கிறவன் பாடுறது. நீ சொன்ன எடத்துல நிக்க மாட்டேன், போய்யாங்குறான். இது தெரியாமயா இம்புட்டு நாளா கத்திக்கிட்டு இருக்கீங்க?”

சித்தப்பாவும் சிரித்தார். அவருக்கும்தான் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் அவர் என்னோடு சேர்ந்து முழித்திருக்க வேண்டும். அவளோடு சேர்ந்து சிரித்தார். அதோடு நிற்காமல், “ரெண்டாவது பாட்டு எதப் பத்தி?” என்று வேறு கேட்டார். அன்று என் வயிற்றில் பிடித்த எரிச்சலுக்குக் கேசரியில் ஊற்றிய நெய்தான் காரணம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அது கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் பழையதன் மேலேயே புதுப் போஸ்டர் வந்தது. நாலு வெள்ளைக்காரர்களும் அப்படியே இருந்தார்கள். கீழே நடுவில், பெரிய முட்டைக்குள் சித்தப்பாவும் அவளும். அவளுக்குக் கொள்கைப் பரப்புச் செயலாளர் பதவி. நான் வலது ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தேன்.

“எடம் பத்தல பாப்பா,” என்றார் சித்தப்பா. ஃபிளெக்ஸ் கடைக்காரர் சொல்கிற பேச்சா அது? நாற்பது தாய்மாமன்களின் தலையை ஒரே பேனரில் அடைக்கத் தெரிந்தவர் அவர்.

சாயங்காலமானால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் செல்போனை வைத்து அவளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் அவள் அர்த்தம் சொல்ல, இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். குழுவின் பெயர் போட்ட பேட்ஜ் ஒன்றை எனக்கென்று அவள் கொடுத்தனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். எனக்கு வந்திருப்பதற்குப் பெயர் பொறாமை என்று நன்றாகவே தெரியும். தெரிந்தால் குறைந்துவிடுமா என்ன? கல்யாணம் முடிந்தால் சித்தப்பா வீட்டை விட்டுப் போய்விடுவார், அவரை எப்படியாவது பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பாக இருந்தது.

ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனாலும் குலசாமி உத்தரவு இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. சாமி இருப்பது உசிலம்பட்டிக்கு மேற்கே. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் காரியத்தை நடத்தலாம். சிவப்பு வந்தால் சாமிக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டில் விவரம் தெரியாத பிள்ளை நான்தான்.

வழக்கமாக வெள்ளரளியும் செவ்வரளியும்தான் வைப்பார்கள். அன்றைக்கு வெள்ளரளி கிடைக்கவில்லை. பூசாரி தலையைச் சொறிந்தார். சாமிக்குச் சாத்த மாட்டுத்தாவணியில் வாங்கி வந்திருந்த மல்லிகைச் சரத்தில் அம்மா ஒரு கிள்ளு கிள்ளி, “வெள்ளைதான வேணும், இந்தாங்க” என்று கொடுத்தாள். பூசாரியும் வாங்கிக் கட்டினார். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மதுரைக்காரர்களுக்கு மல்லிகை வாசம் காற்றைப் போல எப்போதும் கூட இருப்பது. அதைத் தனியாக யாரும் கவனிப்பதில்லை.

செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டுவிட்டு, “எடு தாயி,” என்றார் பூசாரி. நான் உடனே எடுக்கவில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். என் மூக்கு இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் இருந்தது. இடது பக்கம் மல்லிகை மணத்தது. வலது பக்கம் வெறும் காகித வாடை.

“பிள்ளைக்கு எம்புட்டு பக்தி பாருங்க,” என்றார் பூசாரி. நான் எழுந்து வலது பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்தால் செவ்வரளி. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா பூவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கோயில் மணியைப் பார்த்தேன்.

அன்றைக்கே அப்பா சோழவந்தானுக்கு போன் போட்டு, சாமி உத்தரவு கிடைக்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர்களும் சாமிக்குப் பயந்தவர்கள்தான், மறுபேச்சுப் பேசவில்லை. நான் மாடிக்குப் போய்ப் புதுப் போஸ்டரைக் கிழித்தேன். அடியில் பழைய போஸ்டர் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் சித்தப்பா கட்டிலில் ஏறுவதை விட்டுவிட்டார். கடையிலிருந்து வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பாட்டுப் போடட்டுமா என்று கேட்டால், “நீ கேளு,” என்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் இருவரும் மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. கூட ஃபிளெக்ஸ் கடை ஆட்கள் இரண்டு பேர். அப்பா நிலைப்படியில் நின்றார். அப்போதும் அவர் சத்தம் போடவில்லை.

“சாமி வேணாம்னுருச்சு. அதுக்கு மேல இந்த வீட்டுல எடமில்ல,” என்றார்.

“சாமி சொல்லலண்ணே,” என்று ஆரம்பித்த சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மோந்து பார்த்துத்தான் எடுத்தேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா வழிவிட்டிருப்பார். சொன்னால் எனக்கு அடி விழும், அவள் உள்ளே வருவாள். அடியைக்கூடத் தாங்கியிருப்பேன். கதவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். சித்தப்பாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “சரிண்ணே,” என்றார். பிறகு அண்ணனுக்கு எதிரிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். நான் கத்தியதோடு சரி.

அண்ணனும் தம்பியும் மறுபடி பேசிக்கொள்ளப் பல வருடம் பிடித்தது. பொட்டலத்தைப் பற்றி அப்பாவிடம் நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் எங்களோடேயே இருப்பதற்காக மாடியில் ஒரு அறை கட்ட அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேசி வைத்திருந்தாராம். அதை அம்மா ரொம்பப் பின்னால் ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவர்கள் மாலையோடு வந்து நின்றதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா துணிமணி எடுக்க வந்தார். அவள் எதிர்ப்பக்கம் தையல் கடை நிழலில் நின்றுகொண்டாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சித்தப்பா சட்டைகளை மட்டும் ஒரு பையில் திணித்துக்கொண்டார். கம்ப்யூட்டரை, ஸ்பீக்கரை, சிடியை எதையும் தொடவில்லை.

“இதெல்லாம் நீயே வச்சுக்க பாப்பா,” என்றார். என் மூக்கைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி, “நல்ல மூக்குடி உனக்கு,” என்றார். கோபமாகச் சொல்லாததால் எனக்குத் தைரியம் வந்தது.

“பாட்டு சிடி உங்களுக்கு வேணாமா?”

“வேணாம்த்தா. வாரேன்.”

ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை. அவர்கள் தெரு முனையில் திரும்பியதும் எனக்கு நான்தான் ஜெயித்தேன் என்று தோன்றியது. அவளுக்குக் கிடைத்தது சித்தப்பா மட்டும்தான். குழு மொத்தமும் எனக்கு.

கதவைச் சாத்திவிட்டு, முழுச் சத்தத்தில் முதல் பாட்டைப் போட்டுக் கட்டிலில் ஏறினேன். அந்த ஆள் நாலு வரை எண்ணினான். நான் கத்தினேன். என்னவோ சரியில்லை. அந்த இரண்டு நிமிடம் முடிவதாகவே இல்லை. அடுத்த பாட்டைப் போட்டேன், அதுவும் அப்படியே இருந்தது. சத்தம் பாதிதான் வருகிற மாதிரி பட்டது. ஸ்பீக்கரில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, கீழே இறங்கி, வயரைப் பிடுங்கி வாயால் ஊதி மறுபடியும் செருகினேன். மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறவரை அந்த வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.