மோப்பமும் சிவப்புச் சொட்டும்

அவர் பிறந்தது ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில், ஐந்தாவதாக. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். படிப்பு பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்குப் பாடத்தை இருமுறை எழுதியே தேறினார். பதினேழாம் வயதில் பேருந்துப் பணிமனை ஒன்றில் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இருபத்தொன்பதாம் வயதில், ஓர் அச்சகத்தின் பின்புறம் இரண்டு கார்கள் மட்டுமே நிற்கத்தக்க தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். கொட்டகையின் நடுவே ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கும் குழி ஒன்று இருந்தது. அவர் உயரத்துக்கு அந்தக் குழி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அவரை அழைத்தவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லோருக்கும் அவர் மோப்பம்.

அந்தப் பெயரைச் சூட்டியவர் அவருக்கு நேர் மூத்தவரான அக்கா. அம்மா பிஸ்கட்டை அலமாரியின் எந்தத் தட்டில் ஒளித்துவைத்திருக்கிறார் என்பதை, ஏழு வயதிலேயே, கதவைத் திறக்காமல் சொல்லிவிடுவார் தம்பி. கண்டுபிடிப்பது தம்பி, தின்பது அக்கா, அடிவாங்குவது மறுபடியும் தம்பி என்பது அந்த வீட்டில் நெடுங்காலம் நடந்த வேலைப் பங்கீடு.

அக்காவைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவரது இடது காலைச் சூம்பவைத்துவிட்டது. முழங்கால்வரை இரும்புப் பட்டை அணிந்தே நடந்தார். பல் மருத்துவமனை ஒன்றில், பொய்ப்பற்கள் செய்யும் கூடத்தில் வேலை. "இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் கைவேலை" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை. முப்பத்தாறு வயதுவரை எங்கு போவதென்றாலும் யாராவது ஏற்றிவிட வேண்டும், யாராவது இறக்கிவிட வேண்டும். முப்பத்தாறாம் வயதில், மூன்று பேர் கைமாறிய பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினார். அதில் கிளட்ச் இல்லை. மிதிப்பதெல்லாம் வலது காலோடு முடிந்தது. "என் இடது காலுக்கு வேலையே வைக்காத வண்டி. அதுவும் கொஞ்சம் உட்காரட்டுமே, பாவம்" என்றார். நடையில் இருந்த கோணல் ஓட்டுவதில் இல்லை. நடப்பது எப்படியோ போகட்டும், ஓட்டுவது நேர்கோடு என்று தன் கணவரிடம் பந்தயம் கட்டி, ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பந்தயத்தில் தோற்காமல் இருந்தார்.

அந்தக் காருக்கு இருபத்திரண்டு வயது ஆனபோது கியர்பாக்ஸிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது.

ஒரு வியாழக்கிழமை காலை, அக்கா காரை நேரே கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வாசலிலிருந்து குழிவரை சிவப்புச் சொட்டுகள், யாரோ விரலறுத்துக்கொண்டு ஓடியதுபோல்.

"டேய், எனக்கு ரெண்டு நாள்தான் இருக்கு" என்றார் இறங்காமலே. "உங்க அத்தான் பெரிய பட்டறையில காட்டிட்டார். கியர்பாக்ஸுக்கு முன்னாடி எண்ணெயை அடைச்சு நிக்கற ரப்பர் வளையம், சீல், போயிடுச்சாம். மொத்தத்தையும் இறக்கணுமாம். இந்தக் கிழவிக்கு அவ்வளவு செலவு தகாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒருத்தர் வந்து விலைக்கு வாங்கி ஓட்டிட்டுப் போறார். அத்தான் வாக்குக் குடுத்துட்டார்."

"ஏன்கா, முதல்லயே இங்க வரலை?"

"உனக்கு ஆட்டோமேட்டிக் தெரியாதே."

அது உண்மை. பேருந்துக் கியர்பாக்ஸைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடியவர், ஆட்டோமேட்டிக் ஒன்றை அதுவரை திறந்து பார்த்ததே இல்லை. மோப்பம் தலையைச் சொறிந்தார்.

"ஒழுகறது வெளியில நடக்கற சங்கதி. உள்ளே தெரியலைன்னா என்ன, வெளியில பார்க்கத் தெரியும். இறங்கு. உன் வண்டிக்குப் பாய் விரிக்கணும்."

பாய் விரிப்பது என்றால், அச்சகத்தார் கழித்துப்போட்ட வெள்ளை அட்டையைக் காரின் அடியில் பரப்பிவைப்பது. எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் செய்வது அதுதான். சொட்டு எங்கே விழுகிறது, என்ன நிறம், எத்தனை நேரத்துக்கு ஒன்று என்பதை அட்டை சொல்லிவிடும். சொட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி போட்டுக்கொள்வார்.

ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனை முடிவைச் சொல்லப்போகும் மருத்துவர் முகத்தைப் பார்ப்பதைப் போல.

"கருகின வாடை இல்லை. நிறமும் பழுப்பாகலை, சிவப்பு சிவப்பாவே இருக்கு. உள்ளே ஒண்ணும் எரியலைக்கா. ஆள் நல்லா இருக்கா, மூக்குதான் ஒழுகுது."

பிறகு குழியில் இறங்கி, கியர்பாக்ஸின் அடிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவினார். இருபத்திரண்டு ஆண்டு அழுக்கு. துணியால் ஒற்றி, உலரவிட்டார். துடைக்காமல் தேடுகிறவன் பழைய பாவத்துக்குப் புதிய ஆளைப் பிடிப்பான் என்பது பணிமனையில் அவர் தானாகக் கண்டுகொண்ட நியாயம். உலர்ந்தபின் மேலே கை நீட்டினார்.

"உன் கைப்பையில பவுடர் டப்பா இருக்குமே, குடு."

"எதுக்கு?"

"உன் வண்டிக்குப் பூசத்தான்."

"அடப்பாவி, அப்போ நான் என்னத்தைப் பூசறது?"

"உனக்குப் பூசினாலும் ஒண்ணுதான் பூசாட்டியும் ஒண்ணுதான்னு அத்தானே சொல்லியாச்சு."

டப்பா தம்பியின் தலைமேல்தான் வந்து விழுந்தது. அதிலிருந்த பவுடரைக் கழுவிய இடமெங்கும் மெல்லத் தூவினார். வெள்ளைப் பொடியின்மேல் எண்ணெய் எந்த வழியாக ஓடினாலும் கோடு தெரியும். கொட்டகை முழுக்கப் பூவாசனை அடித்தது. அவருடைய மூக்குக்கு அன்று அரைநாள் விடுமுறை.

அக்கா காரை ஓட்டி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மோப்பம் குழியில் இறங்கி விளக்கைப் பிடித்தார். எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயின் முனையில், பவுடர்மேல் இளஞ்சிவப்பாய் ஒரே ஒரு கண்ணீர்க் கோடு. "பிடிச்சாச்சு!" என்று கத்தினார். குழாய் முதிர்ந்து வெடித்திருந்தது. மதியத்துக்குள் புதுக் குழாயும் புதுக் கவ்வியும் மாட்டிவிட்டார். அக்கா கூடத்துக்குப் போன் செய்து விடுப்புச் சொன்ன குரலில் பாட்டு இருந்தது.

மாலையில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். சூடேறிய வண்டி குழிமேல் நின்ற ஐந்தாவது நிமிடம், இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டு அல்ல, ஒழுக்கே வந்தது. பெரிய பட்டறை சொன்ன அதே இடம்.

அக்கா கால்பட்டையின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். பேசாமலிருக்க வேண்டியபோது அவர் செய்வது அது. மோப்பம் மறுபடி கழுவி, மிச்சப் பவுடரைக் கை எட்டிய மேல் இடுக்குவரை தூவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வேலை முடியாத பற்களையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். கடைசி நாளையாவது தன் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கழிக்கலாம் என்று எண்ணினார். வண்டியை மீண்டும் சூடேற்றிக் குழிமேல் நிறுத்தியபின், குழியிலிருந்து தம்பியின் புலம்பல் கேட்டது.

"கீழே பார்த்தாச்சு, பக்கவாட்டுல பார்த்தாச்சு. மேற்புறம் மட்டும் தெரியலை. தலை நுழையற இடமா இது?"

"வாய்க்குள்ள தலையை விட்டா நாங்க பல்லைப் பார்க்கறோம்?" என்ற அக்கா, பெட்டியிலிருந்து நீண்ட காம்பில் பொருத்திய குட்டிக் கண்ணாடியை எடுத்துக் குழிக்குள் நீட்டினார். கடைவாய்ப் பல்லின் பின்புறம் பார்க்கும் கண்ணாடி.

மோப்பம் அதைக் கியர்பாக்ஸின் மேல் இடுக்கில் நுழைத்தார். திருப்பினார். விளக்கை இன்னும் அருகே கொண்டுபோனார்.

"அக்கா. எண்ணெய் மேல்நோக்கி ஏறுமா?"

"ஏறுமா? என்னடா கேள்வி?"

"ஏறாதில்ல? சீல் இருக்கறது கீழே. ஆனா பவுடர் மேலேயே நனைஞ்சிருக்கு. உச்சியில மூச்சுவிடறதுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கு, அதோட வாயிலேர்ந்துதான் வழிஞ்சு, முன்பக்கமா இறங்கி, சீல்லேர்ந்து வர்ற மாதிரி வேஷம் போடுது."

குழியிலிருந்து ஏறி வந்து, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்குச்சியை உருவினார். எண்ணெய் மேல்கோட்டுக்கும் மேலே மூன்று விரற்கடை நின்றது. அவர் குச்சியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இது ஒழுகலைக்கா. அளவுக்கு மேல தின்னுட்டு வாந்தி எடுக்குது. யார் ஊத்தினது?"

அக்காவின் முகம் மாறியது. "மத்தியானம் கூடத்துக்கு வெளியில வண்டி நிக்கும்போது... தினம் ஒரு குவளை. ஸ்டார்ட் பண்ணி, குச்சியைப் பார்த்துத்தாண்டா ஊத்தினேன். மேல்கோடு வரைக்கும், கச்சிதமா. அத்தானுக்குத் தெரிஞ்சா கவலைப்படுவார்னு சொல்லலை."

"வண்டி ஆறி நிக்கும்போதா? மேல்கோடு சூட்டுக்கு, கீழ்க்கோடு குளிருக்கு. ஆறின எண்ணெயை மேல்கோட்டுக்கு நிரப்பினா, சூடேறி அது பொங்காம என்ன செய்யும்? இருந்தாலும் ஒரு குவளைக்கு மூணு விரற்கடை வராதே..."

அந்த நேரத்தில் அத்தான் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நின்றார். மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததைக் கவனித்து, அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போய் எடுத்துவந்திருந்தார். நெடிய மனிதர், குரல் அதற்கேற்றதாக இராது.

"அத்தான், ஒரு கேள்வி. நீங்க வண்டிக்கு ஏதாவது ஊத்தினீங்களா?"

அத்தான் தூக்கைக் கீழே வைத்தார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"காலையில... இவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. ஒரே ஒரு குவளை, மாப்ளே. இவளுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவான்னு..."

"குச்சி பார்த்தீங்களா?"

"ஒழுகற வண்டிக்கு எதுக்குக் குச்சி? தரையில கிடக்கற சொட்டைப் பார்த்து மனக்கணக்கு போட்டு ஊத்தினேன்."

மோப்பம் குச்சியை உயர்த்திக் காட்டினார். அடுத்த கணம் அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் மத்தியானம் ஊத்தறேன், நீங்க காலையில ஊத்தறீங்க, அது ரெண்டு வேளையும் துப்புது. துப்பறதைப் பார்த்து நாம மறுபடி ஊத்தறோம்!"

"எத்தனை நாளா?" என்றார் மோப்பம்.

"ரெண்டு மாசம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

முதலில் கசிந்தது குழாய்முனையிலிருந்து நாளுக்குச் சில சொட்டுகள் மட்டுமே. அந்தச் சில சொட்டுக்குப் பதிலாக இரண்டு குவளை. மற்றதெல்லாம் அன்பின் உபரி. மோப்பம் அக்காவின் பெட்டியிலிருந்த பெரிய பீச்சாங்குழலில் மெல்லிய குழாயைப் பொருத்தி, குச்சி இறங்கும் வழியாக விட்டு, மிகையான எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். மூச்சுக்குழாயை ஊதித் துப்புரவாக்கினார். வண்டியைச் சூடேற்றி, ஓடவிட்டபடியே மூன்று முறை குச்சி பார்த்தார். எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அடியில் புது அட்டை விரித்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க வந்தவர் கொட்டகைக்கே வந்தார். பருத்த, நிதானமான மனிதர். குனிந்து அட்டையைப் பார்த்தார். அது அச்சகத்திலிருந்து வந்த வெண்மையோடு கிடந்தது.

"ஒழுகற வண்டின்னு சொன்னீங்க?"

"நேத்து வரைக்கும் ஒழுகினது" என்றார் மோப்பம்.

"அப்போ நல்லதாப் போச்சு! நான் பேசினதுக்கு மேலயே தர்றேன், சாவியைக் குடுங்க."

மோப்பம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். வண்டியைப் பிழைக்கவைத்ததே வினையாகிவிட்டது. அக்கா ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆனால் கதவைப் பூட்டவில்லை. அத்தான் தம் வாழ்நாளில் கொடுத்த வாக்கைத் தவறியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் அக்காவுக்குப் பெருமையும் உண்டு.

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஐயா, நான் உங்களுக்கு வாக்குக் குடுத்தது ஒழுகற வண்டிக்கு. அந்த வண்டி இப்போ இல்லை. இருந்தா கண்டிப்பா குடுத்திருப்பேன். வேணும்னா தேடிப் பாருங்க."

வந்தவர் அவரைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரைப் பார்த்தார். பெஞ்சின் மேலிருந்த பற்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவர் நீங்க. சரி விடுங்க. பஸ் நிறுத்தம் வரைக்குமாவது கொண்டுவிடுவீங்களா, இல்ல அதுக்கும் ஏதாவது பாயிண்ட் இருக்கா?"

"ஏறுங்க" என்றார் அக்கா. வண்டி கொட்டகையிலிருந்து வெளியேறித் தெருவில் நேர்கோடாகப் போனது. அத்தான் தரையைக் குனிந்து பார்த்தார். வாசல்வரை ஒரு சொட்டும் இல்லை. "இப்போ நாளைக்குக் காலையில நான் என்ன மாப்ளே செய்யறது?" என்றார்.

"தூங்குங்க அத்தான்."

அன்றே மோப்பம் அளவுக்குச்சியின் கைப்பிடியில் சிறு தகடு ஒன்றைக் கட்டிவிட்டார். அதில் ஆணியால் கீறியிருந்த வாசகம்: "கேக்காம ஊத்தாதே." அந்தச் செய்தி எப்படியோ பரவி, கிளட்ச் உள்ள வண்டிகளை மட்டுமே அறிந்த அந்தக் கொட்டகைக்கு ஆட்டோமேட்டிக் கார்களும் வரத் தொடங்கின. ஒழுகுகிறது என்று யார் வந்தாலும், அட்டையை விரித்துக்கொண்டே அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல எத்தனை பேர் ஊத்தறீங்க?"

அக்காவின் கார் அதன்பின் ஓடியது பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.