டவருக்கு ஊற்றிய தண்ணீர்

வேலைத்தளத்தில் எல்லாம் இருக்கும். சிமெந்து மூட்டைகளுக்குத் தறப்பாள் இருக்கும், கம்பி வளைக்க மேசை இருக்கும், கொந்தராத்துக்காரர் வந்தால் உட்கார நல்ல கதிரை இருக்கும். பெண்ணுக்கு ஒரு கழிப்பறை மட்டும் இருக்காது. பொறியியலாளராக வேலை பார்த்து நான் சேர்த்து வைத்திருக்கும் கோபங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

ரத்தோட்டையைத் தாண்டி, ரிவர்ஸ்டன் பாதையிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொலைபேசி டவருக்கு அத்திவாரம் போடும் பொறுப்பு எனக்கு. மாத்தளை டவுனிலிருந்து தினமும் வேனில் போய் வருவேன். டவர் வரப்போகும் மேட்டுக்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தது. முதல் நாளே அதன் கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர்தான் கதவைத் திறந்தார்.

“இதுக்குப் போயி கூச்சப்படுறீங்களே மிஸ். சாவிய நெலைக்கு மேல வச்சிட்டுப் போறேன். நீங்க பாட்டுக்கு வந்து போங்க” என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கழிப்பறைதான் எனக்கு. வாசலில் ஒரு பீப்பாய், எந்நேரமும் விளிம்புவரை தண்ணீர். சிமெந்துத் தூசி போகக் கை கால் முகமெல்லாம் கழுவி, வாளி வாளியாக ஊற்றிவிட்டு வருவேன்.

டவர் அந்த லயமே ஏங்கிக் காத்திருந்த ஒன்று. பள்ளிக்கூடங்களைப் பூட்டி, பாடமெல்லாம் போனுக்குள் போன காலத்தில், அக்காவின் மகள் சிக்னல் தேடிப் பாதை வளைவுவரை நடந்து, அட்டை கடிக்கக் கடிக்க அங்கே நின்று படித்திருக்கிறாள். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே கதை. இப்போது அவள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். இன்னும் அதே வளைவுதான்.

டவரின் நான்கு கால்களுக்கும் குழி வெட்டினோம். மூன்றாவது குழியில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் ஊறியது. மேசன்மாருக்கு ஒரே சந்தோசம். “கங்கம்மாவே வந்துட்டா மிஸ்” என்று கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அத்திவாரக் குழியில் தண்ணீர் என்றால் எனக்கு வேலை இரட்டிப்பு. பம்ப் போட்டு இறைத்து, மலையின் மறுபக்க வடிகானில் விடச் சொன்னேன். பம்ப் நாள் முழுக்க ஓடியது.

கம்பி லொறி வருவதாக இருந்த ஒரு நாள், வழக்கத்தை விட முந்திப் போய்விட்டேன். கீழே பள்ளத்திலிருந்து பெண்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அக்கா. தலையில் குடம், கையில் கேன், மூச்சு இரைத்தது.

“பீலியில தண்ணி இல்லையாக்கா?”

“காத்துக் காலத்துல வத்துறதுதானே மிஸ். அப்படித்தான்.”

பின்னால் வந்த பெண்கள் ஒருவர் கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. லயத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தைத்தான் பீலி என்பார்கள். குடிக்கவும் குளிக்கவும் முழு லயத்துக்கும் அது ஒன்றுதான். சொட்டுக் கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே எங்கள் மூன்றாவது குழி. நாங்கள் இறைத்துக் கானில் விட்டது இவர்கள் குடிக்கும் தண்ணீர்.

“ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?” என்று கத்தியே விட்டேன்.

“சொன்னா நிப்பாட்டிருவீங்களே மிஸ்.” அக்கா குடத்தை இறக்கி வைத்தார். “மொத ஒரு தடவ டவர்காரங்க வந்து கட்டையெல்லாம் அடிச்சாங்க. ஒரு வீட்டுல மண்ணு சரியும்னு சொன்னதுக்கு, கட்டையப் புடுங்கிட்டுப் போனவங்க வரவே இல்ல. அதான் இந்த வாட்டி யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு லயமே பேசி வச்சிக்கிட்டோம். ஒங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் அந்தப் பீப்பாவ நெரப்பி நெரப்பி வச்சோம்.”

நான் வாளி வாளியாக ஊற்றியதும் தலையில் சுமந்து வந்த தண்ணீர்.

பாதை வளைவுக்குப் போய் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “பிரச்சினை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். டவர் கேட்டு வேறு எத்தனையோ ஊர்கள் நிற்கின்றன.” குழியை நகர்த்த முடியாதா என்று கேட்டேன். அதற்கு மீண்டும் முதலிலிருந்து அனுமதி எடுக்க வேண்டுமாம். போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்து பெண்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். “வேணாம்னா இப்பவே சொல்லுங்க. குழிய மூடிட்டுப் போயிர்றோம். தண்ணி பழையபடி வரலாம். ஆனா டவர் வராது.”

அக்கா யோசிக்கவே இல்லை. “தண்ணிய எங்கருந்தாச்சும் சுமந்துட்டு வந்துரலாம் மிஸ். சிக்னல சுமந்துட்டு வர முடியுமா?”

அவர் மேலேயே கோபம் வந்தது. பிறகு இரண்டில் ஒன்றை எடு என்று அவரிடம் போய்க் கேட்ட என் மேல் வந்தது. டவுனில் என் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர், போனைத் திறந்தால் சிக்னல். என்னிடம் யாரும் எது வேண்டும் என்று கேட்டதில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். யாரிடமும் கேட்காமல், அத்திவாரத்துக்கு அடியில் உடைகல் பரப்பி, துளையிட்ட குழாயைப் பீலிப் பக்கம் திருப்பிப் பதித்தேன். அதன் மேல் கொங்கிறீட் போட்டோம். குழாய் கொஞ்சம் கசிந்தது. பிறகு அதுவும் நின்றது. ஊற்று பாறைக்குள் எந்தப் பக்கம் திரும்பியதோ தெரியவில்லை. எதைப் படித்தேன் என்று அன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டேன்.

புதுக் கொங்கிறீட்டுக்கு ஒரு வாரமாவது ஈரம் காயக்கூடாது. காய்ந்தால் வெடிக்கும், வெடித்த அத்திவாரத்தின் மேல் டவரை நிறுத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன். குழித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். இப்போது அது இல்லை. தோட்டத்துப் பாதை வளைவுகளில் தண்ணீர் பவுசர் ஏறாது, தண்ணீர் கொண்டுவரும் ட்ரக்டர் மறுநாள்தான் வரும். அந்த மலைக் காற்றோ, கொங்கிறீட்டின் மேல் போர்த்திய ஈரச் சாக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயவைத்தது.

பின்னேரம், கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் மேட்டில் ஏறினார்கள். அத்தனை பேர் தலையிலும் குடம்.

“வேணாங்க்கா. வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“காஞ்சா வெடிச்சிரும்னு மேசன் சொன்னாரே மிஸ்.”

அக்கா குடத்தைச் சரித்து, ஒரு துளியும் சிந்தாமல் மூலை மூலையாகச் சாக்கின் மேல் ஊற்றினார். மற்றவர்களும் ஊற்றினார்கள். கடைசிக் குடமும் காலியானதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போதுமா மிஸ்?”

போதாது. அதைச் சொல்வதுதான் என் வேலை. சொன்னேன். அவர்கள் குடங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் பள்ளத்துக்கு இறங்கினார்கள்.