நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் இல்லையாம்

மேவிஸ் ப்ரோசர் வாழ்நாள் முழுக்க ரொட்டி வண்டி ஓட்டினாள். ஹெர்ஃபர்ட்ஷயரில் டீம் ஆற்றங்கரைக் கிராமங்களில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தச் சந்தில் பனி உறைந்தால் சக்கரம் வழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ரொட்டிக் கதை இல்லை. ஒரு மே மாதச் சனிக்கிழமை அவள் ஹாக்லோ மேட்டில் ஒரு கார் ஏற்றினாள். அதைத்தான் சொல்ல வேண்டும். ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும், நடந்தது இதுதான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவள் பர்மிங்காமில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். குண்டு விழுந்து தெரு வாயைப் பிளந்து கிடக்கும். விளக்குப் போடக் கூடாது. பின்னால் அடிபட்டவன் கத்துவான். குலுக்காமலும் போக வேண்டும், சீக்கிரமாகவும் போக வேண்டும். மீசை முளைக்காத பையன்கள் துப்பாக்கி தூக்கிய வயதில் அவள் அந்த வித்தையைக் கற்றாள். சண்டை முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரொம்ப நன்றி பெண்ணே, வீட்டுக்குப் போ என்றார்கள். வந்தாள். டெரிக்கைக் கட்டிக்கொண்டாள், ரொட்டி வண்டியைப் பிடித்தாள்.

டெரிக் மாட்டுத் தீவனம் விற்பவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தப் பச்சைக் கார். இரண்டே சீட்டு, முழங்கால் உயரக் கதவு, எஞ்சின் மூடிக்கு மேல் தோல் வார். மழை வந்தால் துணிக் கூரையை மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். பக்கத்துச் சீட்டில் மேவிஸ் மடியில் துண்டோடு உட்கார்ந்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவாள். எதிரே அதே ஜாதி வண்டி ஒன்று வந்தால் டெரிக் கையை உயர்த்துவான், அந்த ஆளும் உயர்த்துவான். வேறு எந்த வண்டிக்காரனுக்கும் அந்தக் கை உயராது.

பப்பில் அவன் வாயைத் திறந்தால் இதே பேச்சுதான்.

"சும்மா வேகமாப் போறதெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் ஆயிடாது மாப்ள. நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்னா தேவையில்லாத ஒரு சாமானும் அதுல இருக்கக் கூடாது. ஹீட்டர் கூடாது. ஏத்தி இறக்குற கண்ணாடி கூடாது. சொகுசா உக்காந்துட்டா ரோடு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

கறிக்கடை வில்ஃப் பீரை வைத்துவிட்டுச் சிரிப்பான். "மழை பேஞ்சா நனையணும், குளிரடிச்சா நடுங்கணும், குண்டும் குழியும் முதுகெலும்புல தெரியணும். அவ்வளவுதானே? எங்கிட்ட அப்படி ஒரு பழைய டிராக்டர் கெடக்கு, வாங்கிக்கிறியா?"

"நீ சிரி. ரெண்டு சீட்டு, அதுதான் கணக்கு. மூணாவது சீட்டு வந்துட்டா அது குடும்ப வண்டி."

மேவிஸ் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருப்பாள். முதலில் வண்டி, அப்புறம் குழந்தை என்று கல்யாணமான புதிதில் முடிவு செய்தவன் அவன். வண்டி வந்தது. அந்த அப்புறம் வரவே இல்லை. அவள் பீரில் எலுமிச்சைச் சோடா கலந்த தன் ஷாண்டியைக் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

வருஷா வருஷம் மே மாதம் எங்கள் பக்கத்து மோட்டார் கிளப் ஹாக்லோ மேட்டில் பந்தயம் வைக்கும். பெரிய பங்களாவின் தனிப் பாதை அது, கீழிருந்து மேலே வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு வண்டியாகத் தனியாக ஏற வேண்டும்; யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறாரோ அவருக்குப் பரிசு. ஸ்போர்ட்ஸ் கார் பிரிவில் ஜெயித்தவர் பெயரைக் கேடயத்தில் எழுதிப் பப்பில் மாட்டுவார்கள். அதோடு, இலையுதிர் காலத்தில் வேல்ஸ் மலையில் நடக்கும் பெரிய போட்டிக்குக் கிளப் சார்பில் அவர்தான் போவார். இதையெல்லாம் மேவிஸ் புல்லில் சமுக்காளம் விரித்து, சாண்ட்விச் டப்பாவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் கிளப் தலைவர் மேஜர் ஹல்லாம் டெரிக் வீட்டுக்கே வந்தார். பெண்களுக்கு என்று ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு, மூன்று பெண்களாவது ஓட்டினால்தான் அதைக் கொடுக்கலாம் என்பது விதி. அவர் மகள் ஒருத்தி, டாக்டர் மனைவி ஒருத்தி. ஒரு ஆள் குறைந்தது.

"உங்க வீட்டம்மா ஓட்டுவாங்கல்ல டெரிக்? ஒரே வண்டியில ரெண்டு பேர் தனித்தனியா ஏறலாம், தப்பில்ல. மெதுவா ஏறினாப் போதும்."

டெரிக் பெரிய மனசு பண்ணிக் கையெழுத்துப் போட்டான். வண்டிக்குச் சொந்தக்காரன்தான் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை காலை அவன் முதலில் ஏறினான், நன்றாகவே ஏறினான். அவன் பிரிவில் அதுவரை அவனுடையதுதான் நல்ல நேரம். இறங்கி வந்து அவளுக்குச் சாவியைக் கொடுத்தான்.

"ரெண்டாவது கியர்லயே போ. வண்டிய முழுசாக் கொண்டா. பிரேக் பிடிக்கத் தோணுச்சுன்னா, தோணுறதுக்கு முன்னாடியே பிடிச்சிடு."

"சரிங்க."

"அந்தக் கம்பளிச் சட்டையோடயா போற? பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"குளிருதுன்னு நெனைப்பான்."

அவள் உட்கார்ந்தாள். அந்த வண்டியில் ஓட்டுகிற சீட்டு பின்சக்கர அச்சுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். பின்சக்கரம் பிடி விடப் போகிறது என்றால் கண்ணுக்குத் தெரியும் முன் இடுப்புக்குத் தெரிந்துவிடும். பக்கத்துச் சீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்து இடுப்பால் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறாள். எங்கே டெரிக் பயந்து முன்னாலேயே பிரேக் பிடிக்கிறான், எங்கே வண்டி இன்னும் போகிறேன் என்று கெஞ்சியும் அவன் விடவில்லை, எல்லாம். கொடி விழுந்தது. பீச் மரங்களுக்குக் கீழே இருக்கிற இடது வளைவில் அவள் பிரேக்கைத் தொடவில்லை. பின்பக்கம் கொஞ்சம் விலகியது, அவள் கையைக் கொஞ்சம் திருப்பினாள், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நேரானது. ரொட்டி வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு அது திரும்புகிறதா என்று காத்திருக்க வேண்டும். இதில் பார்த்தாலே போதும், பார்த்த பக்கம் போய்விடுகிறது. பண்ணைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டை ஊசி வளைவு. அங்கே அவள் சத்தமாகச் சிரித்தாளாம். கொடி பிடித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள். டெரிக்கைவிட ஒன்றேகால் நொடி குறைவு. பிரிவிலேயே அதுதான் முதல். கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை. தப்பாகப் படித்துவிட்டார்களோ என்று காத்திருந்தார்கள். இன்னொரு தடவை சொன்னார்கள். தப்பில்லை.

மேலே வண்டியை நிறுத்திவிட்டு மேவிஸ் இறங்கவில்லை. சூடான எண்ணெய் வாசனையில் உட்கார்ந்து வேல்ஸை நினைத்தாள். அந்த மலையை அவள் பார்த்ததுகூட இல்லை. ஒரே ஒரு தடவை போதும், அங்கே ஏற வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் கூடாரத்தில் பரிசளிப்பு. மேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு சின்னச் சிக்கல். ஒருத்தர் ஒரே நாள்ல ரெண்டு பரிசு வாங்கக் கூடாதுன்னு நம்ம விதி. மிஸஸ் ப்ரோசருக்குப் பெண்கள் கோப்பையும் வருது, ஸ்போர்ட்ஸ் கார் கேடயமும் வருது. ஒண்ணை விட்டுட்டா அது அடுத்து வந்தவங்களுக்குப் போகும்."

"எனக்குக் கேடயம் குடுத்திடுங்க. கோப்பை உங்க பொண்ணுக்குப் போகட்டும்," என்றாள் மேவிஸ். யோசிக்கவே இல்லை.

மேஜர் அவளைப் பார்க்கவில்லை, டெரிக்கைப் பார்த்தார். "எதை வாங்குறதுன்னு கையெழுத்துப் போட்டவர்தான் சொல்லணும். டெரிக், நீங்கதானே போட்டீங்க? நீங்க சொல்லுங்க."

கேடயத்துக்கு அடுத்து வந்தவன் யார் என்பது கூடாரத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். டெரிக் தொப்பியைக் கையில் சுற்றினான். மேவிஸ் அவன் முகத்தையே பார்த்தாள். பதினான்கு வருஷம் கூட வாழ்ந்த முகம், என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்பதுதான் கொடுமை. அவன் நல்லதையே சொல்வான் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கோப்பையே குடுத்திடுங்க மேஜர். வெள்ளி. கணப்புக்கு மேல வெச்சா அழகா இருக்கும். வீட்டுப் பொம்பளைக்கு அதுதானே பொருத்தம்?"

எல்லாரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை உடனே தட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது. அன்றைக்குப் பப்பில் கோப்பை மேசை நடுவில் இருக்க, அதற்கு இந்தப் பக்கம் மேவிஸ் இருக்க, வில்ஃப் ஆரம்பித்தான்.

"மாப்ள, ஒரு சந்தேகம். ரொட்டி விக்கிற பொம்பளை கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு மேல ஏத்திட்டா. அப்ப அது நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்தானா?"

சிரிப்பு. டெரிக்குக்குக் காது சிவந்துபோனது.

"யோசிக்க வேண்டிய விஷயந்தான்," என்றான் இன்னொருவன். "அடங்குன குதிரை. யார் ஏறினாலும் போவுது."

"நான் ஓட்டினேன்," என்றாள் மேவிஸ். "அது தானாப் போகல. நான் ஓட்டினேன்."

"யாரு இல்லேன்னாங்க? அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றான் வில்ஃப்.

டெரிக் அன்றிரவு தூங்கவில்லை. தன் மனைவி நன்றாக ஓட்டுகிறாள் என்ற எண்ணம் மட்டும் அவன் தலையில் ஏறவில்லை. வேறு எல்லாம் ஏறியது. வண்டி சாதுவாகிவிட்டது, வண்டியில் காரம் போய்விட்டது. ஜூலையில் பச்சை வண்டியை லட்லோ ஊர்க்காரன் ஒருவனுக்கு விற்றான். பெரிய எஞ்சின் வைத்த கறுப்பு வண்டி ஒன்று வாங்கினான். பக்கத்துச் சீட்டைத் தோல் விரிப்புப் போட்டு மூடி, பட்டனை மாட்டிவிட்டான். காற்றுத் தடுக்குமாம். அந்த வண்டியின் சாவி அவன் பையிலேயே இருந்தது.

அவள் ரொட்டி கொண்டுபோகிற வழியில் ஒரு நாள் பச்சை வண்டி எதிரே வந்தது. குறுகின சந்து. மேவிஸ் தன் வண்டியை வேலியோடு ஒட்டி நிறுத்தி வழிவிட்டாள். தன்னையறியாமல் கையை உயர்த்திவிட்டாள். ஓட்டியவன் ரொட்டி வண்டியைப் பார்த்தான், கை உயர்த்தவில்லை, போய்விட்டான்.

வேல்ஸுக்கு டெரிக் போனான். முதல் வளைவிலேயே கறுப்பு வண்டி திரும்பமாட்டேன் என்று வைக்கோல் கட்டுகளுக்குள் பாய்ந்தது. கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கினான், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அதுதான்டி நிஜமான ஸ்போர்ட்ஸ் கார்! கொஞ்சம் அசந்தாக் கொன்னுடும்!"

"ரொட்டி வெட்டித் தரவா, ஒத்தக் கையால வெட்டிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பெயர் பொறிப்பதற்காகக் கிளப் எடுத்துக்கொண்டு போயிருந்த கோப்பை கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. துணியைப் பிரித்துப் பார்த்தாள். 'மிஸஸ் டெரிக் ப்ரோசர்' என்று சுழித்துச் சுழித்துப் பொறித்திருந்தார்கள். பப்பில் மாட்டியிருந்த கேடயத்தில் 'டெரிக் ப்ரோசர்'.

"என் பேரு மேவிஸ்," என்றாள்.

"வழக்கமே அப்படித்தானே. மிஸஸ்னு போட்டிருக்கே, அது நீதானே?"

கோப்பை கணப்புக்கு மேல் ஏறியது. அவள் கை அதற்குமேல் அதைத் தொடவில்லை. விறகுப் புகையிலும் ஈரத்திலும் வெள்ளி பழுத்து, பிறகு கறுத்தது.

மே மாதம் வந்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பளபளவென்று துலக்கிக் கொடுப்பது வழக்கம். மேஜர் வந்து, இந்த வருஷமும் ஒரு பெண் குறைகிறது, தன் மகளுடைய வண்டியைத் தருகிறேன், வந்து ஓட்ட முடியுமா என்று பணிவாகவே கேட்டார். அவள் முடியாது என்றாள். காரணம் கேட்டார். கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். சட்டிக்கரி மாதிரி இருந்தது.

"மிஸஸ் ப்ரோசர், இதைக் கொஞ்சம் துடைச்சு..."

"அதுல யார் பேரு இருக்கோ அவரைத் துடைக்கச் சொல்லுங்க."

டெரிக் நாற்காலியில் இருந்து எழுந்தான். அவளைப் பார்த்தான், மேஜரைப் பார்த்தான். பிறகு பாலிஷ் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டான். அவள், ரொட்டி ஆறிவிடும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.