என் ரத்தத்துக்கும் டைபாய்டு

எங்கள் திண்டிவனம் லேபில் காய்ச்சல் என்று வந்து கையை நீட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு டைபாய்டுதான். ஸ்லைடில் ரத்தநீர் ஒரு சொட்டு, டெஸ்ட் மருந்து ஒரு சொட்டு. ஆட்டிப் பார்த்து, பால் மாதிரி திரிந்தால் பாசிட்டிவ். எப்போதோ வந்து போன கிருமிக்கும் திரியும், வேறு காய்ச்சலுக்கும் திரியும் என்று படிக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். படித்து என்ன கிழித்தேன்? எட்டு வருடமாக அதே தாளில் அதே வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் கூட்டேரிப்பட்டிலிருந்து என் அக்கா வந்தாள். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைக் காட்டில், களை எடுக்கிறவள். ஐந்து நாள் காய்ச்சல், மண்டையிடி. டாக்டரைப் பார்க்காமல் நேரே லேபுக்கு வருவதுதான் எங்கள் ஜனங்களின் வழக்கம். ரத்தம் எடுத்தேன். திரிந்தது. எழுதினேன். அந்தத் தாளைப் பார்த்தே பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டு ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தரும் அவள் உடம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. நானும்தான்.

நான்காம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, திரையை இழுத்துவிட்டு, அக்காவின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். பீடியால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு.

"செடி புதர்ல இருக்கிற பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல் இது. ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டுன்னு யாருங்க எழுதினது?"

கையிலிருந்த லேப் தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

மருந்தை மாற்றிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அக்கா பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. லேபுக்குப் போய், காய்ச்சலே இல்லாத என் ரத்தத்தை எடுத்து அதே டெஸ்டைப் போட்டேன். திரிந்தது. தாளில் என் பேரையே எழுதி முதலாளியின் மேஜையில் வீசினேன்.

அவர் படித்துப் பார்த்தார். "எதுக்கும் நீயும் ஒரு கோர்ஸ் ஊசி போட்டுக்கோம்மா."

அடப்பாவி! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஆளைக் கொன்னுடுவீங்க சார்!" என்று கத்திவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

அந்த ஆத்திரத்தோடே போய் அக்காவிடம் பாய்ந்தேன். "அவ்ளோ பெரிய புண்ணு இருக்குது, ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ டைபாய்டுன்னு எழுதிட்ட" என்றாள். "என் தங்கச்சி எழுதுனா தப்பா இருக்காதுன்னு ஊசி போட்டுக்கினே இருந்தேன்."