இரண்டு ஜனாதிபதிகள், ஒரே குணம்

கேன்சஸ் கோதுமை விவசாயி வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் டார்லா ஹென்ஸ்லி. அமெரிக்க ஜனாதிபதிகளின் உரைகளை வைத்து அவர்களுடைய குணத்தை அளப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. முடிக்கும் நேரத்தில் பார்த்தால், இரண்டு ஜனாதிபதிகளின் குணம் அச்சு அசலாக ஒன்றாக வந்திருந்தது.

"என்னடி, ரெட்டைப் புள்ளைங்களா?" என்று கிண்டலடித்தாள் அறைத்தோழி மாவிஸ்.

"ரெண்டு பேருக்கும் பேச்சு எழுதிக் குடுத்தது ஒரே ஆளுடி. நான் அளந்தது அந்த ஆளோட குணத்தை! என் பட்டம் போச்சு."

"அழாதடி. நிருபருங்க மடக்கிக் கேட்டப்ப அவங்க சொன்ன பதிலை யாரு எழுதிக் குடுத்தா?"

டார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதில்களை முதலிலிருந்து அளந்தாள். மேடையில் ஒரே மாதிரி முழங்கிய இருவரில் ஒருவர் முன்கோபியாகவும் மற்றவர் பொறுமைசாலியாகவும் வெளிப்பட்டார்கள்.

இன்று டார்லா கேன்சஸின் விச்சிட்டா நகரில் அரசியல் அறிவியல் பேராசிரியை. அறுவடை முடிந்தால் அப்பா வந்து அவள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருகிறார்.